ஓராண்டு நகரபிதா
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நகரசபைக்குப் போவதென்றால் அரசியலின் கடைசிப் படியிற் கால் வைப்பதென்றே நம்மிற் பலர் எண்ணுகிறோம். தெருவிளக்கிலும் வாய்க்காலிலும் என்ன பெருமை என்று கேட்போரும் உளர். அவ்வெண்ணம் தவறு என்பதற்குத் தீரர் சத்தியமூர்த்தியின் வாழ்வே தக்க சான்று.

புதுக்கோட்டைச் சமஸ்தானத்துத் திருமயத்தில் 1887ஆம் ஆண்டு பிறந்த அவர், சிறுவயதிலேயே தந்தையை இழந்தார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிற் கற்று, பின்னர் சட்டமும் பயின்று வழக்கறிஞரானார். அவர் தேடிய பெருஞ்செல்வம் நாவன்மை ஒன்றே. பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபையில் நாடகமும் நடித்தவர். 1919இல் காங்கிரஸ் தூதுக்குழுவில் ஒருவராக இங்கிலாந்து சென்றார். 1935 முதல் டில்லி மத்திய சட்டசபையில் அவர் குரல் முழங்கியது.

1936இல் தமிழ்நாட்டுக் காங்கிரசின் தலைவரானபோது, காமராஜரைக் காரியதரிசியாக்கினார். 1940இல் காமராஜர் தலைவரானார். அவருக்குக் கீழே காரியதரிசியாக இருக்கச் சத்தியமூர்த்தி கூசவில்லை. பதவியைப் பெரிதென எண்ணாத உள்ளம் அது. வாலிபர்களுக்கு இடம்விட வேண்டிய பெரியோரும் இதனைச் சிந்திப்பார்களாக.

அவருடைய கொள்கை யாவும் நமக்கு உடன்பாடென்று சொல்லமாட்டோம். தேவதாசி முறையை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயன்றபோது அவர் எதிர்த்து நின்றார். அங்கே அவர் தவறினார். குற்றத்தை மறைத்துக் குணத்தைப் பாடுவது சரித்திரமாகாது.

டில்லியிலே முழங்கிய அந்த மனிதர் 1939இல் சென்னையின் மேயரானார். பதவிக்காலம் ஓராண்டே. அக்காலத்தில் நகரம் புழல் ஏரியை நம்பியிருந்தது; மழை பொய்த்தால் குழாய்கள் வறளும். மழைக்காலத்திலோ கொசஸ்தலையாற்று வெள்ளம் வீணே கடலைச் சேரும். அவ்வெள்ளத்தைப் பூண்டியிலே அணைகட்டித் தேக்கிப் புழலுக்குக் கொணரும் திட்டத்தை அவர் கையிலெடுத்தார். யுத்தகாலம், பணமும் பொருளும் அருமை. ஆயினும் அரசாங்கத்தின் இசைவைப் பெற்று, 1940 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டுவித்தார்.

1942இல் சிறை புகுந்தார்; நோயுற்றார்; 1943 மார்ச் 28ஆம் நாள் சென்னையிலே உயிர் நீத்தார். அணை நிறைவெய்தியது 1944இல். அவர் கேட்ட நீரை அவர் கண்ணாற் காணவில்லை. இன்று அந்நீர்த்தேக்கம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. 1996 முதல் கிருஷ்ணா நதி நீரும் அங்கே வந்து சேர்கிறது.

அன்பர்களே, அவர் நிகழ்த்திய ஆயிரம் சொற்பொழிவுகளில் எத்தனை இன்று நம் நினைவிலுள்ளன? ஓராண்டுப் பதவியில் அவர் தொடக்கிய வேலையோ இன்றும் நீர் வார்க்கிறது. ஆறில்லாத யாழ்ப்பாணத்தில் கிணற்றையும் குளத்தையும் நம்பி வாழும் நமக்கு இதன் அருமையை எடுத்துரைக்கவும் வேண்டுமோ?

நாளை நம் இளைஞர் சிலர் சபைகளுக்குச் செல்வர். செல்லுமுன் தம் ஊர்க் குளம் தூர்ந்திருக்கிறதா, வாய்க்கால் அடைபட்டிருக்கிறதா என்று ஒருமுறை நடந்து பார்த்துவரட்டும். வாக்குக் கேட்பது அதன் பின்னராகட்டும்.