நீலக் கார்களின் பட்டறை



அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் லெவல் கிராஸ் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அறுவடை இயந்திரத்தை நிறுத்தி வைப்பதற்காகக் கட்டிய, மண் தரை போட்ட ஒரு கொட்டகையில் 1949ஆம் ஆண்டு அங்கே ஒரு கார்ப் பந்தயக் குழு பிறந்தது. அந்தக் குழுவின் கார்கள் 268 பந்தயங்களில் வென்றன. 10 முறை சாம்பியன் பட்டம் வாங்கித் தந்தன. 2009இன் தொடக்கத்தில் அது இன்னொரு குழுவோடு இணைக்கப்பட்டு, தன் பெயரையே இழந்தது. பெட்டி என்டர்பிரைசஸ் என்ற அந்தக் குழுவின் எழுச்சியையும் சரிவையும் பற்றி இன்று பேசுகிறேன். பந்தயக் கார் கட்டுவது ஒரு கைவினை. ஒரு குடும்பம் அந்தக் கைவினையை எவ்வளவு உயரத்துக்குக் கொண்டுபோக முடியும், எங்கே அது போதாமல் போய்விடுகிறது என்ற இரண்டையுமே இந்தக் குழுவின் கதை காட்டுகிறது.

கார்ப் பந்தயம் என்றதும் நம்மில் பலருக்கு ஃபார்முலா ஒன் கார்கள்தான் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் அதைவிடச் செல்வாக்கு மிக்கது நாஸ்கார் அமைப்பு நடத்தும் ஸ்டாக் கார் பந்தயம். நம் கோவை நரேன் கார்த்திகேயன்கூட 2010இல் நாஸ்காரின் டிரக் பந்தயத் தொடரில் ஓட்டினார். ஸ்டாக் கார் என்றால் கடையில் போய் வாங்கக்கூடிய கார். 1949இல் தொடங்கிய முதல் பந்தயத் தொடரில் சாதாரணக் குடும்பக் கார்களே ஓடின. பிற்காலத்தில் மேல்தோற்றம் மட்டும் கடைக் காரைப் போல இருக்க, உள்ளே எல்லாமே பந்தயத்துக்கென்று செய்தவையாக மாறின.

பெரும்பாலான தடங்கள் நீள்வட்ட வடிவம் கொண்டவை. ஃபுளோரிடாவில் உள்ள டேட்டோனா தடம் இரண்டரை மைல் சுற்றளவு கொண்டது. அதன் வளைவுகள் 31 டிகிரி சாய்ந்து நிற்கின்றன. கார்கள் இடப்பக்கமே திரும்பித் திரும்பி ஓடுகின்றன. ‘வட்டமடிப்பதில் என்ன வித்தை?’ என்று கேட்கத் தோன்றும். வித்தை முழுவதும் அந்த வளைவில்தான் இருக்கிறது. வளைவில் நுழையும் காரின் மூக்கு திரும்ப மறுக்கலாம், அல்லது வால் வெளியே வழுக்கிக்கொண்டு போகலாம். இரண்டுக்கும் நடுவே மயிரிழை அளவு இடம்தான் உண்டு. அந்த இடத்தைப் பிடிக்க நான்கு சக்கரங்களுக்கும் நான்கு விதமான ஸ்பிரிங் போடுவார்கள். டயர்களின் காற்றழுத்தத்தைத் தனித்தனியே மாற்றுவார்கள். எடையை இடப்பக்கம் தள்ளி வைப்பார்கள். ஓட்டுநர் தன் உடம்பில் உணர்ந்ததை வந்து சொல்ல வேண்டும். பட்டறையின் தலைமை மெக்கானிக் அதைக் கேட்டு, எந்தத் திருகை எவ்வளவு திருப்புவது என்று முடிவு செய்ய வேண்டும். நாகஸ்வரக்காரர் அடுத்து எங்கே போவார் என்று தவில்காரருக்குத் தெரிந்திருப்பதுபோல, இந்த இருவருக்கும் இடையே ஒரு புரிதல் வேண்டும். அந்தப் புரிதல்தான் பெட்டி குழுவின் மூலதனம்.

குழுவைத் தொடங்கியவர் லீ பெட்டி. 1949 ஜூன் மாதம் சார்லட்டில் நடந்த அந்தத் தொடரின் முதல் பந்தயத்துக்கு ஒரு பெரிய பியூக் காரை இரவல் வாங்கிக்கொண்டு போனார். அந்தக் கனத்த கார் வளைவில் உருண்டு நொறுங்கியது. அதன் பிறகு அவர் விலை குறைந்த, எடை குறைந்த பிளிமத் கார் ஒன்றை வாங்கினார். அதே ஆண்டு அக்டோபரில் பிட்ஸ்பர்க் அருகே முதல் வெற்றி வந்தது. பந்தயம் அவருக்குப் பொழுதுபோக்கில்லை. குடும்பம் நடத்தும் தொழில். கார் உடைந்தால் பரிசுப் பணம் இல்லை. ஆகவே காரை உடைக்காமல் கடைசிவரை கொண்டுவருவதே அவருடைய முதல் பாடமாக இருந்தது. அந்தப் பாடத்தோடு 1954, 1958, 1959 ஆகிய ஆண்டுகளில் சாம்பியன் ஆனார். 1959இல் நடந்த முதல் டேட்டோனா 500 பந்தயத்தில் அவரும் ஜானி போஷாம்ப்பும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கோட்டைத் தொட்டார்கள். புகைப்படங்களையும் செய்திப் படத்தையும் பார்த்து, மூன்று நாள் கழித்துத்தான் லீ வென்றதாக அறிவித்தார்கள்.

அதே ஆண்டு அட்லாண்டாவில் இளைஞன் ரிச்சர்டுக்கு வெற்றிக் கொடி அசைத்தார்கள். அவனுக்கு அது முதல் வெற்றி. சுற்றுக் கணக்கு தவறு என்று ஒருவர் புகார் கொடுத்தார். கணக்கைச் சரிபார்த்து வெற்றியைப் புகார் கொடுத்தவருக்கே மாற்றினார்கள். புகார் கொடுத்தவர் ரிச்சர்டின் அப்பா லீதான். கணக்கு சரியாக இருக்க வேண்டும், மகன் என்றாலும் விட்டுக்கொடுப்பதில்லை என்பதே அந்த வீட்டின் ஒழுங்கு.

1961இல் டேட்டோனாவில் லீயின் கார் தடுப்பைப் பிய்த்துக்கொண்டு தடத்துக்கு வெளியே பறந்தது. படுகாயமடைந்த அவர் பிறகு அபூர்வமாகவே ஓட்டினார். பொறுப்பு அடுத்த தலைமுறைக்கு வந்தது. மூத்த மகன் ரிச்சர்ட் காரை ஓட்டினார். தம்பி மாரிஸ் என்ஜின் கட்டினார். அத்தை மகனோ சித்தி மகனோ என்று பிரித்துச் சொல்லத் தேவையில்லாமல் கூடவே வளர்ந்த உறவினர் டேல் இன்மன் தலைமை மெக்கானிக்காக நின்றார். இப்படி மூன்று வித்தைகள் ஒரே வாசலில் கூடின. கைவசம் இருந்த வெள்ளை பெயின்ட்டும் கருநீலப் பெயின்ட்டும் ஒரு காருக்குப் போதாமல், இரண்டையும் கலந்து அடித்ததில் ஒரு வெளிர்நீலம் பிறந்தது. பெட்டி நீலம் என்று அது பெயர் பெற்றது. அந்த நீலத்தின் மேல் எழுதிய 43 என்ற எண் நாடு முழுவதும் தெரிந்தது.

1964இல் கிறைஸ்லர் நிறுவனம் ஹெமி என்ற புதிய என்ஜினைக் கொடுத்தது. அதன் எரியறையின் மேற்புறம் அரைக்கோள வடிவில் இருக்கும். காற்றும் எரிபொருளும் தாராளமாக உள்ளே போய், புகை தாராளமாக வெளியேறும். கொள்ளளவு ஏறக்குறைய 7 லிட்டர். அந்த ஆண்டு டேட்டோனா 500இன் 200 சுற்றுகளில் 184 சுற்றுகளை ரிச்சர்டே முன்னின்று ஓட்டி வென்றார். 1967இல் 48 பந்தயங்களில் கலந்துகொண்டு 27இல் வென்றார். அவற்றில் 10 வெற்றிகள் தொடர்ச்சியானவை. வாரத்துக்கு ஒன்றிரண்டு பந்தயம், மண் தடம், தார்த் தடம் என்று மாறி மாறி ஓட்டம். இடையில் பட்டறைக்கு வந்து காரைப் பிரித்துக் கோக்க வேண்டும். அந்தச் சாதனையை ஓட்டுநரின் கணக்கில் மட்டும் எழுதுவது பொருந்தாது. அவ்வளவு பந்தயங்களுக்கும் கெடாமல் கார் கொடுத்த கைகளுக்கும் அதில் சமபங்கு உண்டு.

1972இல் எஸ்டிபி என்ற எண்ணெய்ச் சரக்கு நிறுவனம் விளம்பரதாரராக வந்தது. கார் முழுக்கத் தங்கள் சிவப்பு நிறம் வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். நீலத்தை விட முடியாது என்று ரிச்சர்ட் பிடிவாதமாக நின்றார். நீண்ட பேரத்துக்குப் பிறகு பாதி சிவப்பு, பாதி நீலம் என்று முடிவானது. 1964இலிருந்து 1979 வரை ரிச்சர்ட் 7 முறை சாம்பியன் ஆனார். ஏழு முறையும் தலைமை மெக்கானிக் டேல் இன்மன்தான்.

சரிவு எங்கே தொடங்கியது? ரிச்சர்டுக்கு வயதாகிவிட்டது என்பார்கள். வயது ஒரு காரணம்தான். ஆனால் 1981 டேட்டோனா 500ஐப் பாருங்கள். கடைசி நிறுத்தத்தில் மற்றவர்கள் டயர் மாற்றிக்கொண்டிருந்தபோது, எரிபொருள் மட்டும் ஊற்றினால் போதும் என்று இன்மன் துணிந்து முடிவெடுத்தார். மிச்சமான அந்தச் சில விநாடிகளில் ரிச்சர்ட் முன்னே போய் ஏழாவது முறையாக அந்தப் பந்தயத்தை வென்றார். அதற்குச் சில நாட்களிலேயே இன்மன் வேறு குழுவுக்குப் போய்விட்டார். 1984இல் டெர்ரி லபான்ட்டி என்ற இளைஞரைச் சாம்பியன் ஆக்கினார். ரிச்சர்டோ அதற்குப் பின் ஒரு பட்டமும் வாங்கவில்லை. குழுவின் உண்மையான பலம் எங்கே இருந்தது என்பதை இந்த இரண்டு செய்திகளும் சேர்ந்து சொல்லிவிடுகின்றன.

அடுத்த அடி வீட்டுக்குள்ளிருந்தே விழுந்தது. 1983 அக்டோபரில் சார்லட்டில் வென்ற காரின் என்ஜின் விதி அனுமதித்த அளவைவிடப் பெரியது என்று சோதனையில் தெரிந்தது. டயர்களும் விதிப்படி மாட்டப்படவில்லை. வெற்றியை ரத்து செய்யாவிட்டாலும், 35,000 டாலர் அபராதமும் 104 புள்ளிக் குறைப்பும் விதித்தார்கள். கணக்கு சரியாக இருக்க வேண்டும் என்று மகன் மீதே புகார் கொடுத்தவரின் பட்டறை அது. இந்தக் குழுவை எவ்வளவு மதித்தாலும், இந்தக் களங்கத்தை நான் மறைத்துப் பேச மாட்டேன். அந்த ஆண்டோடு ரிச்சர்ட் குடும்பக் குழுவை விட்டு வெளியேறினார். 1984 ஜூலை 4 அன்று ஜனாதிபதி ரீகன் பார்த்திருக்க, டேட்டோனாவில் தன் 200ஆவது வெற்றியைப் பெற்றார். அந்தக் கார் வேறொரு முதலாளியுடையது. என்ஜினும் வேறு பட்டறையில் கட்டியது.

1986இல் ரிச்சர்ட் வீடு திரும்பினார். இன்மனும் திரும்பினார். ஆனால் அதற்குள் இந்தக் கலையே உருமாறியிருந்தது. 1984இல் தொடங்கிய ஹென்ட்ரிக் போன்ற குழுக்கள் ஒரே கூரையின் கீழ் பல கார்களை ஓட்டின. ஒரு கார் கற்றதை இன்னொரு கார் அதே வாரம் பயன்படுத்திக்கொண்டது. காற்றுச் சுரங்கச் சோதனை வந்தது, பட்டம் பெற்ற பொறியாளர்கள் வந்தார்கள். நல்ல மெக்கானிக்குகளும் உதிரிபாகக்காரர்களும் சார்லட்டையும் மூர்ஸ்வில்லையும் சுற்றிக் குடியேறினார்கள். லெவல் கிராஸ் அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்கும் மேல் தள்ளி இருந்தது. ஊரை விட்டு வர மனமில்லாத குழுவுக்கு, ஊர் தேடி வரும் கைகள் குறைந்தன. 200ஆவது வெற்றிக்குப் பிறகு எட்டு ஆண்டுகள் ஓட்டியும் ரிச்சர்ட் ஒரு பந்தயத்தில்கூட வெல்லவில்லை. 1992இல் ஓய்வு பெற்றார். இன்னும் சில ஆண்டுகள் முன்பே இருக்கையை அடுத்தவருக்குக் கொடுத்திருந்தால் குழுவுக்கு ஒரு புது வழி கிடைத்திருக்கும் என்பது என் கருத்து.

அதன் பிறகு குழுவின் காரில் 1996இலும் 1997இலும் பாபி ஹாமில்டன் வென்றார். 1999இல் மார்ட்டின்ஸ்வில்லில் ஜான் ஆண்ட்ரெட்டி வென்றார். குழுவின் கடைசி வெற்றி அதுதான். அடுத்த ஆண்டு நம்பிக்கையே பறிபோனது. 2000 ஏப்ரல் 2 அன்று ரிச்சர்டின் பேரன் ஆடம், நான்காம் தலைமுறையாக, முதன்மைத் தொடரில் இறங்கினான். மூன்றாம் நாள் கொள்ளுத்தாத்தா லீ காலமானார். மே 12 அன்று நியூ ஹாம்ப்ஷயரில் பயிற்சி ஓட்டத்தின்போது நேர்ந்த விபத்தில் ஆடமும் இறந்தான். அவனுக்கு 19 வயது. அவன் நினைவாகக் குடும்பத்தார் நோயுற்ற குழந்தைகளுக்கென்று ஒரு முகாமை 2004இல் திறந்தார்கள். அந்த முகாம் இன்றும் நடக்கிறது. குழு மட்டும் நிமிரவே இல்லை. 2008இல் பெரும்பங்கு ஒரு முதலீட்டு நிறுவனத்தின் கைக்குப் போனது. பட்டறை மூர்ஸ்வில்லுக்கு இடம்பெயர்ந்தது. விளம்பரதாரரும் ஓட்டுநரும் விலக, அடுத்த ஆண்டு இணைப்பு நடந்து முடிந்தது.

பணம்தான் எல்லாவற்றையும் தீர்மானித்தது என்று சிலர் சொல்லலாம். நான் முழுக்க ஒப்பமாட்டேன். ஃபோர்டு நிறுவனத்தின் பணபலத்தோடு ஓடிய ஹோல்மன் மூடி குழு, ஃபோர்டு கைவிட்டதும் சில ஆண்டுகளில் பந்தயத்தை விட்டே போனது. பெட்டி குடும்பம் அதன் பிறகும் பட்டங்கள் வென்றது. 1950இல் வர்ஜீனியாவில் தொடங்கிய வுட் பிரதர்ஸ் என்ற இன்னொரு குடும்பக் குழு இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது; 2024இல் 100ஆவது வெற்றியைப் பெற்றது. பெரிய குழுவான பென்ஸ்கேயோடு தொழில்நுட்ப உறவு வைத்துக்கொண்டு, ஒரே ஒரு காரோடு அது நிற்கிறது. குடும்பப் பட்டறையால் பிழைக்க முடியும். வெளியே இருக்கும் அறிவுக்கு அது உரிய நேரத்தில் கதவு திறக்க வேண்டும். பெட்டி பட்டறையில் அறிவு மூன்று மனிதர்களின் உடம்பில் தங்கியிருந்தது. அவர்கள் சேர்ந்திருந்தவரை அவர்களை வெல்வது அரிது. பிரிந்தபோது, அந்த அறிவை ஏந்திக்கொள்ள அடுத்த வரிசை தயாராக இருக்கவில்லை.

நாஸ்காரின் புகழ் மண்டபத்தில் 2010இல் ரிச்சர்ட், 2011இல் லீ, 2012இல் டேல் இன்மன், 2014இல் மாரிஸ் என்று நால்வரும் இடம்பெற்றார்கள். ஓட்டுநருக்கு மாலை போட்டுவிட்டு என்ஜின் கட்டியவரை மறந்துவிடும் வழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. இங்கே கிரீஸ் படிந்த கைகளுக்கும் அதே மரியாதையைச் செய்தார்கள். குழு பெயரிழந்து போனாலும், இந்தக் கலையில் யாருக்கு என்ன பங்கு என்ற கணக்கை நேர்மையாக எழுதியிருக்கிறார்கள். லீ பெட்டி இருந்திருந்தால் இந்தக் கணக்கின் மேல் புகார் கொடுத்திருக்க மாட்டார்.