நாற்பதுக்கு மேல் ஓர் உபகாரச் சம்பளம்

(வேப்பந்தட்டையில் கூடிய நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ்ப் பண்டிதன் எழுந்தால் குறளிலே தொடங்குவான் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். இன்று யான் கணக்கிலே தொடங்க வேண்டியவனாயிருக்கிறேன். முன்னோர் உபகாரச் சம்பளம் என்றும், இக்காலத்தார் ஓய்வூதியம் என்றும் வழங்குவது அரசாங்க உத்தியோகஸ்தருக்கே உரியது என்னும் எண்ணம் நம்மவரிடம் வேரூன்றியிருக்கிறது. தனியார் பள்ளியிற் கற்பிக்கும் எனக்கு அஃது இல்லை. வெங்காயமும் மக்காச்சோளமும் பருத்தியும் விளைவிக்கும் உங்களிற் பலருக்கும் இல்லை. முதுமையில் மகன் சோறிடுவான் என்பதொன்றே நம் ஏற்பாடு. மகன் நல்லவனே; ஆயினும் திருப்பூரில் வாடகை கொடுத்துப் பிள்ளைகளைப் படிக்கவைப்பவனிடம் மருந்துக்கும் வெற்றிலைக்கும் கையேந்துவது எந்தத் தந்தைக்கும் இனிதன்று.

யான் விழித்துக்கொண்டது 42-ஆம் அகவையில். அதற்குமுன் சேர்த்த சிறுபொருளை, மிகுந்த வட்டி தருவதாகச் சொன்ன ஒருவரிடம் கொடுத்து இழந்தேன். அவர் பெயரை இங்குச் சொல்லிப் பயனில்லை, ஆசை என்னுடையது. பிறகு வங்கிக்குச் சென்று, மத்திய அரசாங்கம் 2015-இல் தொடங்கிய அடல் ஓய்வூதியத் திட்டத்தைப் பற்றி வினவினேன். 60 நிரம்பிய பின் மாதம் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை, நாம் தெரிந்துகொண்ட அளவிற்கு ஏற்ப, ஆயுள் முழுதும் கிடைக்கும். ஆனால் அதிற் சேர்வதற்குரிய அகவை 18 முதல் 40 வரை. என் முகத்திற்கு நேரே கதவு சாத்தப்பட்டது போலிருந்தது.

காலதாமதத்தின் விலையைக் கேளுங்கள். மாதம் 5,000 ரூபாய் வேண்டி 18-இல் தொடங்குபவன் மாதம் 210 ரூபாய் கட்டுகிறான்; 60 வரை அவன் கட்டுவது 1,05,840 ரூபாய். அதே ஊதியத்திற்கு 40-இல் தொடங்குபவன் மாதம் 1,454 வீதம் 3,48,960 ரூபாய் கட்டவேண்டும். வட்டி என்பது பொறுத்திருப்பவனுக்கு உழைக்கும் ஏவலாள். அவசரக்காரனிடம் அது தங்குவதில்லை.

வீடு திரும்பி வருந்தியிருந்தேன். என் மனைவி, “நாற்பது கடந்தது உங்களுக்குத்தானே? எனக்கு முப்பத்தேழுதானே!” என்றாள். பண்டிதனுக்குத் தோன்றாதது அவளுக்குத் தோன்றிற்று. அவள் பெயரால் மாதம் 1,087 ரூபாய் கட்டி வருகிறோம். இதில் ஓர் அரிய வசதியுண்டு. அவளுக்குப்பின் யான் இருப்பேனாயின் அதே ஊதியம் எனக்கு வரும். இருவருக்கும் பின், 5,000 ரூபாய்க்கு உரிய முதல் 8,50,000 ரூபாய் நாங்கள் குறித்த வாரிசைச் சேரும். கணவனை இழந்த பின் தனித்து வாழும் மூதாட்டிகள் நம் தெருக்களில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்ப்பவர், பெண் பெயரால் கணக்கிருப்பதன் அருமையை உணர்வர். மாதந்தோறும் கட்ட இயலாத வேளாளர் ஆறு மாதத்திற்கு ஒருமுறை, அறுவடைப் பணம் வந்ததும் கட்டலாம். வருமான வரி செலுத்துவோர் மட்டும் 2022 அக்டோபர் முதல் இதிற் சேர இயலாது.

2 ஹெக்டேருக்கு மேற்படாத நிலமுடைய குடியானவருக்கென 2019-இல் ஒரு திட்டம் தோன்றிற்று. அகவைக்கேற்ப மாதம் 55 முதல் 200 ரூபாய் வரை நாம் இட, அரசாங்கமும் அவ்வளவே இடும். 60-இல் மாதம் 3,000 ரூபாய். இதற்கும் எல்லை 40-தான்.

தம்பதியர் இருவரும் 40-ஐக் கடந்தோர் என் செய்வது? தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் 70 அகவை வரை சேரலாம். ஆனால் அதன் பலன் சந்தையைப் பொறுத்தது, உறுதியில்லை. ஏற்றத்தாழ்வைக் கண்டு அஞ்சுவோர்க்குத் தபால் நிலையம் உண்டு. 45 அகவையுள்ள ஒருவர் அங்கே பொது வைப்பு நிதியில் மாதம் 1,000 ரூபாய் இட்டு வருவாராயின், வட்டி நூற்றுக்கு 7.1 என்று கொண்டால், 15 ஆண்டில் ஏறக்குறைய 3,15,000 ரூபாய் சேரும். 60-இல் அதனை அங்கேயே மூத்த குடிமக்கள் சேமிப்பில் 8.2 வீதத்திற்கு இட்டால், முதல் குறையாமலே மாதத்திற்கு ஏறக்குறைய 2,150 ரூபாய் விழும். அதனை மூன்று மாதத்திற்கு ஒருமுறை கொடுப்பர். வட்டி வீதத்தை அரசாங்கம் அவ்வப்போது மாற்றும்; ஆதலின் இஃது ஓர் அளவைக் கணக்கே.

உண்மையை மறைத்தலாகாது. விலைவாசி ஆண்டுக்கு நூற்றுக்கு 6 வீதம் ஏறுமாயின், 20 ஆண்டுக்குப்பின் பெறும் 5,000 ரூபாய் இன்றைய 1,560 ரூபாயளவே வாங்கும். அது முழுச் சோறன்று. தமிழ்நாட்டில் 1962-இல் முதியோர் உதவித்தொகை தொடங்கியபொழுது மாதம் 20 ரூபாய் என்பதையும், 2023-இல் அது 1,200 ரூபாயாயிற்று என்பதையும் எண்ணினால் பணத்தின் தேய்மானம் விளங்கும். ஆகவே ஒன்றையே நம்பாமல், மனைவிக்கு ஒரு கணக்கும் தமக்கொரு கணக்குமாக வைப்பது நலம்.

பணத்திற்கு எங்கே போவது என்பீர்கள். முகூர்த்த மாதங்களில் நாம் எழுதும் மொய்யைக் குறைக்கச் சொன்னால் என்னை யாரும் விருந்துக்கு அழைக்கமாட்டீர்; அதனைச் சொல்லேன். நம் சங்கக் கூட்டங்களில் ஒருவருக்கொருவர் போர்த்திக்கொள்ளும் சால்வைகளின் விலையையாவது கணக்கிட்டுப் பாருங்கள்.

இறுதியாக ஒரு செய்தி. ஆதாரில் உள்ள பிறந்த நாளைக் கொண்டே உங்கள் அகவை கணக்கிடப்படும். அது பெரும்பாலும் பள்ளியிற் சேர்த்தபொழுது எங்களைப் போன்ற ஆசிரியர் மதிப்பாக எழுதியது. 38, 39 என்று எண்ணியிருப்போர் இன்றிரவே அதனை எடுத்துப் பார்க்க. எஞ்சியிருப்பது சில கிழமைகளாகவும் இருக்கலாம். ஞாயிறு காலையில் சங்கக் கட்டடத்தில் இருப்பேன். வங்கிப் புத்தகத்தோடு வருவோர்க்கு விண்ணப்பம் நிரப்பித் தருவேன்.