மருந்து பூசிய பின் மயிர் உதிர்வதேன்?

வழுக்கை விழத் தொடங்கிய ஒருவர் மினொக்சிடில் என்னும் திரவத்தை வாங்கித் தலையிற் பூசி வருகிறார் எனக் கொள்க. முதல் இரண்டு கிழமை மாற்றம் எதுவுமில்லை. மூன்றாம் கிழமையில் ஒருநாள் காலை தலையணையில் வழக்கத்திலும் கூடுதலாக மயிர் கிடக்கிறது. சீப்பிலும் அப்படியே. மயிர் வளர்வதற்கென்று காசு கொடுத்து வாங்கிய மருந்து உள்ளதையும் கொண்டுபோகிறதே எனக் கலங்கி, அவர் போத்தலை அலுமாரியின் மூலையில் ஒதுக்கிவிடுகிறார். அவர் கைவிட்ட அவ்வேளையோ, பெரும்பாலும், மருந்து தன் தொழிலைத் தொடங்கிய வேளை.

இதன் காரணத்தை அறிய மயிரின் வாழ்வை அறிதல் வேண்டும். தலையில் ஏறக்குறைய ஓர் இலட்சம் மயிர்க்கால்கள் உள. அவை யாவும் ஒரே காலத்தில் வளர்வனவல்ல. ஒவ்வொரு மயிரும் 2 முதல் 6 ஆண்டு வரை வளர்ந்து, சில கிழமை ஒடுங்கி, பின்னர் ஏறக்குறைய 3 மாதம் ஓய்ந்திருக்கும். ஓய்வு முடிய அது கழன்று விழ, அதே காலிலிருந்து புதியது எழும். நாளொன்றுக்கு 50 முதல் 100 மயிர் உதிர்வது இயல்பே. வழுக்கை விழும் தலையிலோ வளர்ச்சிக் காலம் வரவரக் குறுகி, மயிர்க்காலும் சிறுத்து, ஈற்றிற் பூனைமயிரே எஞ்சுகிறது.

மினொக்சிடில் ஓய்ந்திருக்கும் மயிர்க்கால்களை மீண்டும் வளர்ச்சிப் பருவத்துக்குத் தூண்டுகிறது. அதனால், சில கிழமைகளில் எப்படியும் விழவிருந்த பழைய மயிர்கள் முன்கூட்டியே, பலவும் ஒருங்கே விழுந்துவிடுகின்றன. காவோலை விழக் கண்டு பனை பட்டுப்போயிற்றென எவரும் கொள்வதில்லை. இவ்வுதிர்வு பெரும்பாலும் இரண்டாம் கிழமைக்கும் எட்டாம் கிழமைக்கும் இடையில் நிகழ்ந்து தானே தணியும். எல்லோருக்கும் நிகழ்வதுமன்று, நிகழவில்லையாயின் மருந்து பலிக்கவில்லை என்று எண்ணவும் வேண்டா.

இம்மருந்து தலைமயிருக்கென்றே தேடிக் கண்டதன்று. 1979 இல் அமெரிக்காவில் உயர் குருதி அமுக்கத்துக்கான குளிசையாக அங்கீகாரம் பெற்றது. அதனை விழுங்கியோரின் முகத்திலும் கைகளிலும் மயிர் முளைக்கக் கண்டே பூசுமருந்தாக்கும் முயற்சி எழுந்தது. ஆண்களுக்கான 2 வீதத் திரவம் அங்கு 1988 இல் அங்கீகரிக்கப்பட்டது. நோயாளர் முறையிட்ட குறையே ஒரு மருந்தாயிற்று!

மயிரிற் பூசுவதாற் பயனில்லை, தோலிற் படவேண்டும். உலர்ந்த தலையில், வகிடு பிரித்து, ஒரு தடவைக்கு 1 மில்லிலீற்றர், நாளுக்கு இரு தடவை என்பது திரவத்துக்குரிய வழக்கமான அளவு. நல்லெண்ணெய் வைப்பதுபோல அள்ளி வார்த்தால் மயிர் விரைந்து வளராது. மருந்து குருதியிற் கூடுதலாகச் சேர்ந்து நெஞ்சுப் படபடப்பை உண்டாக்கலாம். பூசியபின் கைகளைக் கழுவுதல் அவசியம். பூனை வளர்க்கும் வீட்டார் இன்னும் விழிப்பாயிருத்தல் வேண்டும். சிறிதளவு நக்கினும் பூனைக்கு இது கொடிய நஞ்சு. தோல் அரிப்புக்குப் பெரும்பாலும் காரணம் மருந்தன்று. அதைக் கரைத்துள்ள புரொப்பிலீன் கிளைக்கோல். அது சேராத நுரை மருந்தும் உண்டு.

நான்கு மாதம் கழியுமுன் பலனை எதிர்பார்த்தல் வீண். முழுப் பலன் தெரிய ஓராண்டும் ஆகலாம். அண்மையில் ஐதான இடத்திலேயே நம்பிக்கை அதிகம். நெடுங்காலம் பளபளத்த வழுக்கையில் அது மிகக் குறைவு. பலருக்கு இருப்பது நிற்பதே இலாபம். மருந்தை நிறுத்தினால், வந்த மயிர் மூன்று நான்கு மாதத்திற் போய்விடும். ஆகவே, தொடங்குபவர் கணக்கிட வேண்டியது ஒரு போத்தலின் விலையையன்று, ஆண்டுக்கணக்கான செலவை.

மயிர் திடீரெனத் திட்டுத்திட்டாகக் கொட்டுவோரும், இருதய நோயுள்ளோரும், கருவுற்றோரும், பாலூட்டும் தாய்மாரும் வைத்தியரைக் கேளாமல் இதனைத் தொடுதல் ஆகாது. கடுங்காய்ச்சலின் பின்னரும் பிள்ளைப்பேற்றின் பின்னரும் உதிரும் மயிர் பெரும்பாலும் மருந்தின்றியே மீளும். நெஞ்சுநோவோ, தலைச்சுற்றோ, கால்வீக்கமோ கண்டால் உடனே நிறுத்தி வைத்தியரிடம் செல்லுதல் வேண்டும்.

நாள்தோறும் கண்ணாடி பார்ப்பவருக்குச் சிறு மாற்றம் புலப்படாது. தொடங்கும் நாளில் உச்சந்தலையைப் படமெடுத்து வைத்து, நான்காம் மாதத்தில் அதே வெளிச்சத்தில் இன்னொன்று எடுத்து, இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நல்லது.