அஞ்சு கல்லூரிப் பேரை யார் எழுதறது?

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

சேமிப்பு, உள்கடன், வங்கி இணைப்பு எல்லாத்தையும் எனக்கு முன்னாடி பேசினவங்க நல்லாவே பேசிட்டாங்க. நான் பேச வந்தது பிளஸ் டூ படிக்கிற நம்ம பொம்பளப் பிள்ளைங்களைப் பத்தி.

நம்ம குழுவில் ஒருத்தி கறவை மாட்டுக்குக் கடன் கேட்டால் என்ன செய்யறோம்? நாலு பேர் போய் மாட்டைப் பார்க்கிறோம். பல்லைப் பார்க்கிறோம், கறந்து காட்டச் சொல்றோம். அப்புறம்தான் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து. ஒரு பிள்ளை மூணு வருஷம் படிக்கப்போற கல்லூரியை, சேர்றதுக்கு முன்னாடி போய்ப் பார்த்துட்டு வந்தவங்க இங்கே எத்தனை பேர்? கை தூக்கச் சொல்லலை. எனக்கே தெரியும்.

இப்போ அரசு கலை அறிவியல் கல்லூரிக்கு விண்ணப்பம் ஆன்லைன்தான். கட்டணம் 50 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 2 ரூபாய். அந்த ஒரே கட்டணத்தில் அஞ்சு கல்லூரி வரைக்கும் கேட்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த அஞ்சு பேரை நிரப்பறது யாரு? பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருக்கிற தம்பி. "எந்த காலேஜ் போடட்டும்க்கா?" என்று கேட்கிறான். நாம "நீயே நல்லதா பார்த்துப் போடுப்பா" என்கிறோம். அவன் மேல தப்பு இல்லை, அவனுக்குப் பின்னாடி இருபது பேர் நிற்கிறாங்க.

அப்படிப் போட்டதில் ஒரு பிள்ளைக்கு நடந்ததைச் சொல்றேன். ஊர், பேர் வேண்டாம். நல்ல மார்க். சென்னையில் ஒரு கல்லூரியில் இடம் கிடைச்சது, தெருவுக்கே மிட்டாய் கொடுத்தாங்க. போன பிறகுதான் தெரியுது, அது இரண்டாவது சுழற்சி. அதாவது மதியம் தொடங்கி சாயங்காலம் முடியிற வகுப்பு. விடுதிக்குத் தனியாக விண்ணப்பம் போடணும் என்று யாரும் சொல்லலை. தாம்பரம் தாண்டி இருக்கிற சொந்தக்காரங்க வீட்டில் தங்கினாள். தினமும் வீடு சேர ராத்திரி ஒன்பது மணி ஆகும். அந்த வீட்டுக்காரங்க முகம் மாற ஆரம்பிச்சது. தீபாவளிக்கு ஊருக்கு வந்தவள் திரும்பிப் போகலை. இப்போ பாண்டியில் துணிக்கடையில் நிற்கிறாள். படிக்க முடியாத பிள்ளை இல்லை அது. போன இடம் எப்படிப்பட்டது என்று முன்னாடியே தெரிஞ்சிருந்தால், அதே மார்க்குக்கு வேற இடம் கேட்டிருக்கும்.

நமக்கு இதில் இன்னொரு சிக்கல் இருக்கு. பிளஸ் டூ ரிசல்ட் வர்றது மே மாதம் முதல் பாதியில். விண்ணப்பம் போட மூணு வாரம் கிடைச்சால் பெரிசு. நம்ம பாத்தியில் உப்பு பூக்கிற உச்சமும் அதே மே மாதம்தான். விடியறதுக்கு முன்னாடி போய் உப்பு வாரணும். ஒருநாள் விட்டால் ஒருநாள் கூலி போச்சு. அந்த நேரத்தில் எந்த அம்மா கல்லூரி பார்க்கப் போவாள்? போனாலும் பிரயோஜனம் இல்லை. மே மாதம் கல்லூரிக்கு விடுமுறை. பூட்டின வகுப்பும் காலி மைதானமும்தான் தெரியும். கடை மூடியிருக்கும்போது போய் வியாபாரம் எப்படி நடக்குதுன்னு பார்க்கிற மாதிரி.

அதனால் நான் சொல்றது, ரிசல்ட்டுக்கு ஏழெட்டு மாசம் முன்னாடியே போகணும். காலாண்டுப் பரீட்சை லீவில் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. அளத்தில் வேலை அடங்கி வர்ற நேரம். கல்லூரியில் வகுப்பு நடந்துக்கிட்டிருக்கும். நவம்பரில் அவங்களுக்கு செமஸ்டர் பரீட்சை வந்துடும், நமக்கும் புயல் பயம் வந்துடும்.

எங்கே போறது? நான் முதலில் சொல்றது சென்னை ராணி மேரி கல்லூரி. மெரினா கடற்கரைக்கு எதிரே, காமராஜர் சாலையில், கலங்கரை விளக்கத்துக்குப் பக்கம். 1914-ல் ஆரம்பிச்சது, சென்னையில் பெண்களுக்கென்று வந்த முதல் கல்லூரி அதுதான். முதல்வராக இருந்து நடத்தினவர் டோரதி டி லா ஹே என்ற அம்மா. அன்றைக்குச் சேர்ந்தவர்கள் 37 பேர். நம்மில் மூணு குழு சேர்ந்தால் அந்த எண்ணிக்கை வந்துடும்! இன்றைக்கு ஆயிரக்கணக்கில் படிக்கிறாங்க. அரசுக் கல்லூரி. வரலாறு, பொருளாதாரம், கணிதம், வேதியியல் மட்டும் இல்லை. புவியியல் இருக்கு, இசைகூட ஒரு பட்டப்படிப்பாக இருக்கு. பாட்டில் பட்டம் வாங்கலாம் என்று நம்ம பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

2003-ல் அந்த இடத்தில் புதுத் தலைமைச் செயலகம் கட்டப்போறதாக அரசு அறிவிச்சது. மாணவிகள் வெளியே போக மாட்டோம் என்று கல்லூரிக்குள்ளேயே உட்கார்ந்து போராடினாங்க. கடைசியில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. கல்லூரி அங்கேயேதான் இருக்கு. எனக்கு அந்தக் கல்லூரி பேரைக் கேட்டாலே அந்தப் பிள்ளைங்கதான் ஞாபகத்துக்கு வரும்.

போகும்போது சும்மா கேட்டில் போய் நின்றால் வாட்ச்மேன் உள்ளே விடமாட்டார், விடவும் கூடாது. கூட்டமைப்பு லெட்டர்பேடில் முதல்வருக்கு முன்கூட்டியே கடிதம் போடணும். எந்தத் தேதி, எத்தனை பேர், பிள்ளைகள் எந்தப் பள்ளி. நமக்குத்தான் சீல் இருக்கே!

உள்ளே போனால் கட்டடத்தைப் பார்த்து மயங்காதீங்க. ஆபீஸில் கேட்கிறதைவிட மரத்தடியில் சாப்பிட்டுக்கிட்டிருக்கிற முதலாம் ஆண்டுப் பிள்ளைகளைக் கேளுங்க. எந்த ஊரு கண்ணு, எங்கே தங்கியிருக்கே, எத்தனை மணிக்குக் கிளம்பறே? தமிழ்வழியில் படிச்சிட்டு வந்தியே, பாடம் நடத்தறது புரியுதா? புரியலைன்னா யாரைக் கேட்பே? இந்தப் பாடம் முதல் சுழற்சியிலா, இரண்டாவதிலா? கழிவறையில் தண்ணி வருதா? கடைசிக் கேள்விக்குச் சிரிக்காதீங்க. மூணு வருஷம் அங்கே இருக்கப்போறது பிள்ளைதான்.

விடுதி என்றால் கல்லூரி விடுதி ஒன்று. ஆதிதிராவிடர் நலத்துறை, பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை நடத்தற கல்லூரி மாணவியர் விடுதிகள் வேற. இரண்டுக்கும் தனித்தனி விண்ணப்பம், கல்லூரி இடம் கிடைச்சதாலே விடுதி தானா கிடைக்காது.

சென்னைதான் போகணும்னு நான் சொல்லலை. வீட்டிலிருந்தே போய் வரணும் என்றால் திண்டிவனத்தில் அரசு கலைக் கல்லூரி இருக்கு, அங்கேயும் இதே கேள்விதான். பஸ் எத்தனை மணிக்கு, கடைசி பஸ் எப்போ. பெரிய பேரை விட, பிள்ளை மூணு வருஷமும் விடாமல் போய் வரக்கூடிய இடம்தான் என் கணக்கில் நல்ல கல்லூரி. மகளிர் கிறித்துவக் கல்லூரி, ஸ்டெல்லா மாரிஸ், எத்திராஜ் மாதிரி இடங்களுக்கு இந்த 50 ரூபாய் விண்ணப்பம் செல்லாது, தனியாகப் போடணும். அங்கே அரசு உதவி பெறும் பிரிவு ஒன்று, சுயநிதிப் பிரிவு ஒன்று என்று இருக்கும். கட்டணம் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். எந்தப் பிரிவு என்று கேட்காமல் பணம் கட்டாதீங்க.

பணம் பத்தி ஒரு வார்த்தை. அரசுக் கல்லூரியில் பட்டப்படிப்புக்குக் கல்விக் கட்டணம் கிடையாது, மற்ற சின்னக் கட்டணங்கள்தான். ஆறாவது முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படிச்ச பிள்ளைக்கு 2022 செப்டம்பரில் தொடங்கின புதுமைப் பெண் திட்டத்தில் மாசம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். ஆதாரோடு இணைச்ச வங்கிக் கணக்கு பிள்ளை பேரில் இப்பவே இருக்கணும். சாதிச் சான்று, வருமானச் சான்று இரண்டையும் மழைக்காலத்திலேயே வாங்கி வெச்சுடுங்க. மே மாசம் இ-சேவை மையத்தில் நிற்கிற கூட்டம் உங்களுக்கே தெரியும்.

இன்னொன்று, எந்த மார்க்குக்கு எந்தப் பாடம்னு தெரிஞ்சுக்கணும். தமிழ் இலக்கியம் கேட்டால் தமிழ் மார்க்கை வைச்சு வரிசை. ஆங்கில இலக்கியத்துக்கு ஆங்கில மார்க். மற்ற பாடங்களுக்கு மொழி நீங்கலான நாலு பாடத்தின் 400-தான் கணக்கு. மொத்த மார்க் குறைஞ்சுபோச்சே என்று அழுதுக்கிட்டிருக்கிற பிள்ளைக்குத் தமிழில் 95 இருந்தால், அந்த வரிசையில் அவள் முன்னாடி நிற்பாள்.

என் கோரிக்கை இதுதான். வர்ற காலாண்டு லீவில் ஒரு வேன். ஒரு குழுவுக்கு ஒரு அம்மா, ஒரு பிள்ளை. ஒருநாள் சென்னை, இன்னொரு நாள் திண்டிவனம். வேன் வாடகையில் பாதி கூட்டமைப்பு, பாதி போறவங்க. பார்த்துட்டு வந்து அஞ்சு பேரையும் பிள்ளையும் அம்மாவும் சேர்ந்து ஒரு நோட்டில் எழுதி வெச்சுக்கணும். மே மாசம் பிரவுசிங் சென்டர் தம்பி கேட்டால் அந்த நோட்டை நீட்டினால் போதும்.

இன்றைக்கே தீர்மானமாகப் போடலாம் என்று தலைவி அக்கா சொல்லியிருக்காங்க. போறவங்க சாப்பாட்டுக்கு முன்னாடி கணக்காளரிடம் பேர் கொடுத்துடுங்க.