விற்றவர் திருப்பித் தரவேண்டிய பணம்



சேலம் ஜங்ஷன் ரயில் நிலையம் இருக்கிற சூரமங்கலத்தில் இன்று வீட்டில் இருந்தபடியே வியாபாரம் செய்கிறவர்கள் ஏராளம். இளம்பிள்ளைச் சேலை, சிவதாபுரத்துக் கொலுசு, ஜவ்வரிசி வடகம் என்று எதையும் கைப்பேசியில் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள். சிலர் ‘லைவ்’ வந்து ஏலமே விடுகிறார்கள். “முந்நூறு, முந்நூத்தம்பது, இந்தச் சேலை ஒரே ஒரு பீஸ்தான்” என்று குரல் கொடுக்க, கூடுதலாகக் கேட்டவருக்குச் சேலை போகிறது. பணம் வந்ததும் பார்சல் கட்டுகிறார்கள். இதுவரை வேலை எல்லாருக்கும் பழகிவிட்டது. நாலு நாள் கழித்து, “அக்கா, படத்துல பார்த்த கலர் இது இல்ல, பணத்தைத் திருப்பிக் குடுங்க” என்று ஒரு செய்தி வருகிறது பாருங்கள், அங்கேதான் பலருக்கும் தடுமாற்றம். அந்தச் செய்திக்கு என்ன செய்வது என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

ஏலம் நமக்குப் புதிதல்ல. சூரமங்கலத்துக்குப் பக்கத்தில் ஜாகீர் அம்மாபாளையத்தில் இருக்கும் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் 1981இல் தொடங்கப்பட்டது. சேலம், நாமக்கல் சுற்றுவட்டாரத்து ஆலைகளில் மரவள்ளிக் கிழங்கில் இருந்து எடுத்த ஜவ்வரிசியும் ஸ்டார்ச்சும் அங்கே டெண்டர் முறையில் விற்பனையாகின்றன. மூட்டையில் இருந்து மாதிரி எடுக்கிறார்கள், தரம் பார்க்கிறார்கள், வியாபாரிகள் அந்த மாதிரியைப் பார்த்து விலை எழுதுகிறார்கள். சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதற்குப் பின்னால் இந்த ஏற்பாட்டுக்கும் பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன். மாதிரி என்று ஒன்று கண்முன் இருந்துவிட்டால், பிறகு சண்டை வந்தாலும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: மூட்டையில் இருப்பது மாதிரியில் இருந்ததுதானா?

1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமும் இதையேதான் சொல்கிறது. அதன் 17ஆவது பிரிவின்படி, மாதிரி காட்டி விற்றால் சரக்கு மொத்தமும் மாதிரியோடு ஒத்துப்போக வேண்டும். 15ஆவது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. மாதிரியும் காட்டி விவரமும் சொல்லி விற்றிருந்தால், மாதிரியோடு ஒத்துப்போனது மட்டும் போதாது, சொன்ன விவரத்தோடும் ஒத்துப்போக வேண்டும். கைப்பேசி வியாபாரத்தில் வாங்குகிறவர் துணியைத் தொட்டுப் பார்ப்பதில்லை. அவர் கையில் இருப்பது நீங்கள் போட்ட படமும், அதன் கீழே எழுதிய நாலு வரியும்தான். அதனால் ரீஃபண்ட் பிரச்சினையில் பாதி, படம் எடுக்கிற நேரத்திலேயே முடிவாகிவிடுகிறது. டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் மாம்பழ மஞ்சள் எலுமிச்சை மஞ்சளாகத் தெரியும். பகல் வெளிச்சத்தில், முந்தானை, உடல், பார்டர் தனித்தனியாக எடுத்துப் போடுங்கள். நெசவில் நூல் இழுத்திருந்தால் அந்த இடத்தையே கிட்டத்தில் படம் எடுத்துப் போட்டுவிடுங்கள்.

குறையைச் சொன்னால் யார் வாங்குவார்கள் என்று கேட்பீர்கள். இணைய ஏலத்தை உலகுக்குப் பழக்கிய ஈபே நிறுவனத்தின் முதல் விற்பனையே உடைந்த பொருள்தான். 1995இல் பியர் ஒமிடியார் அந்தத் தளத்தைத் தொடங்கியபோது, பழுதான ஒரு லேசர் பாயிண்டரை ஏலத்துக்குப் போட்டார். 14 டாலர் 83 சென்டுக்குப் போனது. வாங்கியவரிடம், “இது வேலை செய்யாது, தெரியும்தானே?” என்று கேட்டபோது, பழுதான லேசர் பாயிண்டர்களைச் சேகரிப்பதே தன் பொழுதுபோக்கு என்றாராம். சொல்லி விற்ற குறைக்காக யாரும் பணத்தைத் திருப்பிக் கேட்க முடியாது. மறைத்து விற்ற குறைக்குத்தான் கேட்பார்கள்.

இப்போது நம் ஊர்க் குழுக்களில் தினமும் பார்க்கிற ஒரு வரிக்கு வருகிறேன். “நோ ரிட்டர்ன், நோ எக்ஸ்சேஞ்ச், நோ ரீஃபண்ட்.” இதை எழுதிப் போட்டுவிட்டால் பொறுப்பு முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். முடியாது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதையும், பணத்தைத் திருப்பித் தர மறுப்பதையும் முறையற்ற வணிக நடவடிக்கை என்றே வகைப்படுத்துகிறது. பில்லில் கெடு எதுவும் எழுதவில்லை என்றால் 30 நாளுக்குள் பணத்தைத் தந்தாக வேண்டும். 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகள், பொருள் பழுதாக இருந்தாலோ, போலியாக இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாவிட்டாலோ, சொன்ன நாளுக்குப் பிந்தி வந்தாலோ விற்பவர் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது என்கின்றன. வீட்டில் கிடந்த பழைய மிக்சியை ஒரே ஒருமுறை விற்கிறவருக்கு இந்த மின்வணிக விதிகள் பொருந்தாது. வாரம் தவறாமல் ஏலம் விடுகிறவர் அப்படி ஒதுங்க முடியாது. வாங்கியவர் கோயம்புத்தூரில் குடியிருந்தால், அவர் தன் ஊர் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். நானூறு ரூபாய்ச் சேலைக்காக நீங்கள் கோவைக்கு அலைய நேரிடும்.

அதே சட்டம் விற்கிறவரையும் கைவிடவில்லை. பொருள் நீங்கள் சொன்னபடியே இருக்கிறது, குறையில்லை, சொன்ன நாளுக்குள் போய்ச் சேர்ந்தது. ஆனால் வாங்கியவருக்கு மனசு மாறிவிட்டது, நாத்தனாருக்குப் பிடிக்கவில்லை. அப்போது திருப்பி வாங்கச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. வாங்குவீர்களா, எத்தனை நாளுக்குள், தபால் செலவு யாருடையது என்பதை ஏலம் தொடங்கும் முன்பே எழுதிவிடுங்கள். ஏலம் முடிந்தபின் போடுகிற நிபந்தனைக்கு மரியாதை கிடையாது.

ஏலத்தில் சேலை போன பிறகு ஏன் இந்தச் சிக்கல் கூடுதலாக வருகிறது என்றால், வேகத்தில் விலை ஏறிவிடுகிறது. நானூறு ரூபாய்ச் சேலையை எழுநூறுக்குக் கேட்டவர், மறுநாள் நிதானமாக யோசிக்கிறார். அவர் போட்டி போட்டது நிஜமான ஆளோடுதான் என்றால் அவர் சொல்லுக்கு அவர்தான் பொறுப்பு. ஆனால் விலையை ஏற்றுவதற்காக உங்கள் தங்கையையோ தோழியையோ இடையில் கேட்க வைத்திருந்தால் கதை வேறு. முன்னறிவிப்பு இல்லாமல் விற்பவர் தரப்பே ஏலம் கேட்டால், அந்த விற்பனையை மோசடி என்று வாங்கியவர் தள்ளிவிடலாம் என்று 1930ஆம் ஆண்டுச் சட்டத்தின் 64ஆவது பிரிவு சொல்கிறது. அப்படி நடந்திருந்தால் வாதாட வேண்டாம், முழுப் பணத்தையும் கொடுத்துவிடுங்கள்.

சரி, குறை உங்கள் பக்கம்தான் என்று தெரிந்துவிட்டது. எவ்வளவு கொடுப்பது? ஏலத்தில் முடிந்த விலையும், அவர் கட்டிய தபால் செலவும், பொருளைத் திருப்பி அனுப்ப அவர் செய்யும் செலவும். கொலுசில் இது இன்னும் நுணுக்கமாக வரும். 80 டச் (வெள்ளியின் சுத்த அளவு) என்று சொல்லிக் கொடுத்த கொலுசு, உரசிப் பார்த்தால் 65 டச் என்று வருகிறது. வெள்ளி விலை இடையில் இறங்கியிருக்கிறது. “இன்றைய விலைக்கு எடை போட்டுத் தருகிறேன்” என்று சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பழைய வெள்ளியை மாற்றும்போது அந்தக் கணக்குச் சரி. ரீஃபண்டில் அது தவறு. வாங்கிய ரூபாயை, கூலி உட்பட, அப்படியே கொடுக்க வேண்டும். 2025 செப்டம்பர் முதல் வெள்ளி நகைக்கும் தனி அடையாள எண்ணோடு ஹால்மார்க் பெறும் வசதி வந்திருக்கிறது. கட்டாயம் இல்லை, விருப்பம்தான். ஆனாலும் வெளியூருக்குக் கொலுசு அனுப்புகிறவர்கள் அதைப் பெற்றுக்கொள்வது நல்லது. டச் பற்றிய தகராறே எழாது.

பணம் போகிற வழியிலும் கவனம் வேண்டும். எந்தக் கணக்கில் இருந்து வந்ததோ அதே கணக்குக்குத் திருப்பி அனுப்புங்கள். “என் வீட்டுக்காரர் நம்பருக்குப் போடுங்க”, “இந்தக் கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க” என்று வந்தால் நிறுத்திவிட்டு, வாங்கியவரோடு நேரடியாகப் பேசுங்கள். வாங்குகிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன்: ரீஃபண்ட் வாங்க யூபிஐ பின் எண் போட வேண்டியதே இல்லை. பின் எண் கேட்டால் உங்கள் கணக்கில் இருந்து பணம் போகப் போகிறது என்று பொருள். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள்.

பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்தால்தான் ரிட்டர்ன் என்ற வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. விற்கிறவர்களின் பயம் எனக்குப் புரிகிறது. புதுச் சேலையை வைத்துக்கொண்டு கட்டிக் கசங்கியதைத் திருப்பி அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். வீடியோ நல்ல சாட்சி, கேளுங்கள். அது ஒன்றுதான் சாட்சி என்று அடம்பிடிக்காதீர்கள். எழுபது வயதுப் பாட்டி பேத்திக்குக் கொலுசு வாங்கியிருப்பார், அவருக்கு வீடியோ எடுக்கத் தெரியாது. அதற்காக அவருடைய உரிமை போய்விடாது. உங்கள் பக்கத்துச் சாட்சியை நீங்கள் தயார் செய்யுங்கள். பொருளை மடித்து வைத்து ஒட்டுவது வரை படம் எடுங்கள். தபால் நிலையத்தில் ஸ்பீட் போஸ்ட் ரசீதில் எடை கிராம் கணக்கில் அச்சாகிறது. திரும்பி வரும் பார்சலின் எடையையும் அதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கொலுசு மாறியிருந்தால் அந்த எடையே காட்டிக்கொடுக்கும்.

எல்லாவற்றையும் விட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது இனிச் சொல்லப் போவது. சூரமங்கலத்து வீட்டில் இருந்து விற்கும் பெண் பெரும்பாலும் சேலையைத் தானே நெய்வதில்லை. இளம்பிள்ளை மொத்த வியாபாரியிடம் எடுத்து, தன் குழுவில் விற்கிற ரீசெல்லர் அவர். சேலையில் டேமேஜ் என்று புகார் வந்தால், “கடைக்காரர் பணம் கொடுத்ததும் நான் கொடுக்கிறேன்” என்கிறார். கடைக்காரர் தறிக்காரரைக் காட்டுகிறார். இப்படியே ஒரு மாதம் ஓடுகிறது. வாங்கியவர் பணம் கொடுத்தது உங்களிடம். உங்களை நம்பித்தான் கொடுத்தார், மொத்த வியாபாரியின் பெயர்கூட அவருக்குத் தெரியாது. எனவே முதலில் உங்கள் கையில் இருந்து கொடுங்கள், பிறகு நீங்கள் போய் வசூலியுங்கள். இதைச் சொல்வது எளிது, கையில் பணம் வேண்டுமே என்பது நியாயமான கேள்வி. விற்பனைப் பணம் வந்தவுடன் சரக்குக்கும் வீட்டுச் செலவுக்கும் முழுவதும் போய்விடுவதால்தான் ரீஃபண்ட் என்றதும் பதறுகிறோம். ஒவ்வொரு விற்பனையிலும் ஒரு சிறு தொகையைத் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள், பொருள் போய்ச் சேர்ந்து கெடு நாள் கழியும் வரை அதைத் தொடாதீர்கள்.

பணத்தை இப்படி நிறுத்தி வைக்கும் ஏற்பாடு இணைய ஏலத்தில் முன்பே இருந்தது. பாஜி டாட் காம் என்ற இந்திய ஏலத் தளத்தை ஈபே 2004இல் வாங்கியது. பிறகு இங்கே ‘பைசாபே’ என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். வாங்குகிறவர் கட்டிய பணம் நேராக விற்பவருக்குப் போகாது, இடையில் நிற்கும். பொருள் போய்ச் சேர்ந்த பிறகே விற்பவர் கைக்கு வரும். முகம் தெரியாதவரிடம் பணம் கட்ட நம் மக்கள் துணிந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஈபேயின் அந்த இந்தியத் தளம் 2018 ஆகஸ்டில் மூடப்பட்டுவிட்டது. வாட்ஸ்அப் ஏலத்தில் பணத்தை இடையில் நிறுத்தி வைக்க யாரும் இல்லை. அந்த வேலையையும் விற்கிறவர்தான் செய்தாக வேண்டும்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். புகார் வந்த அன்றே பதில் சொல்லுங்கள். “பார்த்துட்டேன்மா, படம் அனுப்புங்க, நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்றேன்” என்று ஒரு வரி போதும். மின்வணிக விதிகளின்படி தளங்களே 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். வீட்டில் இருந்து வியாபாரம் செய்கிற நமக்கு ஒரே நாளில் முடியும். குழுவில் இருந்து அவரை நீக்கிவிடுவதும், நம்பரைத் தடுத்து வைப்பதும் மட்டும் வேண்டாம். பதில் கிடைக்காத வாங்குநர் அடுத்து அழைப்பது தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915ஐத்தான்.

விற்கிற சகோதரிகளுக்கும் சகோதரர்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்று உண்டு. உங்கள் குழுவின் முகப்பில் “நோ ரீஃபண்ட்” என்று இருந்தால் இன்றைக்கே அதை எடுத்துவிடுங்கள். குறை இருந்தால் எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும், எத்தனை நாளுக்குள் பணம் வரும் என்று இரண்டு வரி தமிழில் எழுதுங்கள். எழுதிய நாளுக்குள் பணத்தைக் கொடுத்துவிடுங்கள்.