அரிசி காக்கும், அஞ்சறைப் பெட்டி ஏமாற்றும்

தொலைக்காட்சி நேயர் அரங்கில் ஆற்றப்பட்ட உரை



மலாக்கா, தெங்கேரா பக்கம் ஒரு வீடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டில் ஏழு வயதில் ஒரு பெண்பிள்ளை. வகுப்பிலேயே ஆகக் குள்ளம் அவள்தான். வயிறு மட்டும் உப்பியிருக்கும். கையும் காலும் குச்சி. அடிக்கடி வயிற்றுப்போக்கு. விளையாடப் போனால் பாதியில் சோர்ந்து உட்கார்ந்து விடுவாள். பூச்சி மருந்து கொடுத்தாயிற்று. கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டியாயிற்று. "பிள்ளைக்குச் சத்து போதவில்லை" என்று அப்பா பெரிய டின்னில் மைலோ வாங்கி வந்தார். காலையும் மாலையும் பாட்டி அதில் பிஸ்கட்டைத் தோய்த்து ஊட்டினார். பிள்ளை தேறவில்லை, இன்னும் இளைத்தாள்.

அன்போடு ஊட்டிய அந்த பிஸ்கட்டும் மைலோவுமே அவளை வாட்டியிருந்தால்? நம்புவதற்குக் கடினம்தான். ஆனால், சீலியாக் என்னும் நோய் உள்ளவர்களுக்கு நடப்பது இதுதான்.

குளூட்டன் என்றால் என்ன?

கோதுமை மாவைப் பிசைந்து ரொட்டி சானாய்க்கு வீசும்போது அது கிழியாமல் விரிகிறதே, அந்த இழுவையைத் தருவது குளூட்டன் என்னும் பசைப் புரதம். கோதுமை, பார்லி, ரை ஆகிய மூன்று தானியங்களிலும் இந்த வகைப் புரதம் இருக்கிறது. பெரும்பாலோருக்கு இதனால் எந்தக் கெடுதலும் இல்லை. சீலியாக் உள்ளவர்களின் உடல் மட்டும் இதைப் பகையாக எண்ணிப் போர் தொடுக்கிறது. அந்தப் போரில் அடிபடுவது அவர்களுடைய சிறுகுடலேதான். குடலின் உள்சுவரில் விரல்போல் நீட்டிக்கொண்டிருக்கும் உறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகின்றன. பிறகு எவ்வளவு சாப்பிட்டாலும் சத்து உடம்பில் சேராது. பிள்ளைகளுக்கு வளர்ச்சி நின்றுபோகும். பெரியவர்களுக்கு மாத்திரைக்கும் அடங்காத ரத்தசோகை வரலாம், எலும்பு பலவீனமாகலாம். வயிற்றுக் கோளாறே இல்லாமல் சோர்வு மட்டும் இருப்பவர்களும் உண்டு.

பஞ்சம் சொன்ன உண்மை

இதற்குக் காரணம் கோதுமைதான் என்று உலகுக்குக் காட்டியவர் வில்லெம் காரெல் டிக்கெ என்ற டச்சுக் குழந்தை மருத்துவர். 1641இல் மலாக்காவைக் கைப்பற்றிய டச்சுக்காரர்களை இந்நகரத்தார் அந்தச் சிவப்புக் கட்டடத்தால் அறிவார்கள். அதே நாட்டில்தான் இது நடந்தது. 1930களிலேயே டிக்கெவுக்குக் கோதுமை மீது ஐயம் இருந்தது. 1944 கடைசியில் தொடங்கி 1945 வரை நீடித்த போர்க்காலப் பஞ்சத்தில் ஹாலந்தில் ரொட்டி கிடைக்கவில்லை. மக்கள் டுலிப் பூக் கிழங்கைக்கூட அவித்துத் தின்றார்கள். ஊரே பட்டினி கிடந்தபோது சீலியாக் பிள்ளைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் நோயும் திரும்பியது. 1950இல் அவர் தம் ஆய்வேட்டில் இதை நிறுவினார்.

அதே ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களில் ஜப்பானியர் ஆட்சி. அரிசி இல்லை, மரவள்ளிக் கிழங்கே சோறு. அந்தக் கிழங்கிலும் குளூட்டன் இல்லை.

தென்னகத்தின் தட்டு

"இது வெள்ளைக்காரர் நோய், அரிசி சாப்பிடும் தமிழருக்கு வராது" என்று சிலர் சொல்வதுண்டு. 2016இல் வெளியான இந்திய ஆய்வொன்று இதற்குப் பதில் தருகிறது. வட இந்தியாவில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்கு இந்நோய் இருந்தது. தென்னிந்தியாவிலோ ஆயிரத்துக்கு ஒருவர்தான். நோய்க்கு இடம் தரும் மரபணுவோ இரு பக்கத்திலும் மூன்றில் ஒரு பங்கினருக்கு இருந்தது. வேறுபாடு தட்டில்தான். வடக்கே ஒருவர் நாளொன்றுக்கு உண்ட கோதுமை சுமார் 455 கிராம். தெற்கே 25 கிராம்.

ஆக, தமிழரைக் காத்து வந்தது பெரும்பாலும் அரிசிச் சோறு. அந்தத் தட்டு இந்த நாட்டில் மாறி வெகுகாலமாயிற்று. காலையில் ரொட்டி சானாய், பள்ளியில் மீ கோரெங், மாலையில் பிஸ்கட், இரவில் சப்பாத்தி. மலாயாப் பல்கலைக்கழகத்தார் 2015இல் வெளியிட்ட ஆய்வில், நலமாக இருந்த 562 இளையோரின் ரத்தத்தைச் சோதித்தபோது 7 பேரிடம் சீலியாக் எதிர்ப்பொருள் காணப்பட்டது. அதாவது 1.25 விழுக்காடு. இந்த நாட்டிலும் இது இருக்கிறது; தேடிப் பார்ப்பவர்கள்தாம் குறைவு.

சமையலறையில் பாதி வேலை முடிந்தது

இந்நோய்க்கு மருந்து கிடையாது. குளூட்டனை ஆயுள் முழுக்க விலக்கிய உணவே மருந்து. மேல்நாட்டில் ஒரு தாய்க்கு இது பெரிய சோதனை. அவள் வீட்டு உணவே ரொட்டிதான். தமிழ்த் தாய்க்கு அவ்வளவு கஷ்டமில்லை. சோறு, இட்லி, தோசை, ஆப்பம், இடியப்பம், புட்டு, கொழுக்கட்டை, பருப்பு, காய்கறி, மீன், கோழி, தயிர் எல்லாம் இயல்பாகவே குளூட்டன் இல்லாதவை. கேழ்வரகும் அப்படியே. சப்பாத்திக்குப் பதில் கேழ்வரகு ரொட்டி சுடலாம். வெள்ளை அரிசியில் குறையும் நார்ச்சத்தையும் சுண்ணாம்புச் சத்தையும் அது ஈடுகட்டும். காஜா பெராங்கில் வாழும் மலாக்கா சிட்டி மக்களின் நாசி லெமாக் குக்குஸ் அரிசியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த உணவுதான்.

ஒளிந்திருக்கும் எதிரி

மீதிப் பாதியில்தான் ஆபத்து. முதல் ஏமாற்று அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பலவும் கோதுமை மாவு கலந்தவை. அதைப் போட்டால் சாம்பார், ரசம், முறுக்கு எல்லாவற்றிலும் கோதுமை புகுந்து விடும்.

இரண்டாவது கிச்சாப். சோயாவோடு கோதுமையையும் சேர்த்துப் புளிக்க வைப்பதே வழக்கமான முறை. மீஹூன் அரிசியில் செய்ததுதான். கிச்சாப் ஊற்றிப் பிரட்டியதும் அது ஆகாததாகிவிடும்.

மூன்றாவது பார்லித் தண்ணீர். உடம்புச் சூட்டுக்கு நல்லது என்று காய்ச்சிக் கொடுக்கிறார்கள். சீலியாக் பிள்ளைக்கு அது கூடாது. மைலோ, ஹார்லிக்ஸ் போன்ற பானங்களில் உள்ள மால்ட்டும் பார்லியிலிருந்து வருவதே.

நான்காவது சைவ இறைச்சி. விரத நாளில் 'சைவ மட்டன்' என்று பிரட்டுகிறார்களே, அவற்றில் பல குளூட்டனையே பிழிந்தெடுத்துச் செய்தவை. ரவை, சேமியா இரண்டும் கோதுமைதான். கோயில் கேசரிக்கும் இது பொருந்தும். சர்க்கரைப் பொங்கலை அச்சமின்றி வாங்கலாம்.

பாக்கெட்டைத் திருப்பிப் படிக்கும் பழக்கம் வேண்டும். குளூட்டன் உள்ள தானியம் சேர்ந்திருந்தால் அதைக் குறிப்பிட வேண்டும் என்று 1985ஆம் ஆண்டு மலேசிய உணவு ஒழுங்குமுறைகள் சொல்கின்றன. 'தெப்போங் கண்டும்', 'பார்லி', 'மால்ட்' என்ற சொற்களைக் கண்டால் அந்தப் பாக்கெட்டை வைத்துவிட வேண்டும்.

ஒரு துணுக்கும் உண்டு கணக்கில்

"கொஞ்சம் சாப்பிட்டால் என்ன?" இதுதான் எல்லா வீட்டிலும் எழும் கேள்வி. 2007இல் வெளியான இத்தாலிய ஆய்வொன்றில், நாளுக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் கொடுத்ததற்கே குடல் பாதிக்கப்பட்டது. ஒரு துண்டு ரொட்டியில் இருப்பது ஏறத்தாழ 2 கிராம். அதை நாற்பதாகப் பிய்த்தால் வரும் ஒரு துணுக்கே போதும் என்று அர்த்தம்.

ஆகவே உணவு மட்டும் சரியாக இருந்தால் போதாது. பாத்திரமும் சரியாக இருக்க வேண்டும். ரொட்டி சானாய் சுட்ட கல்லில் வார்த்த தோசை ஆகாது. மாவு தோய்த்த பலகாரம் பொரித்த எண்ணெயில் உளுந்து வடை சுடக்கூடாது. ரொட்டியில் தடவிய கத்தியைக் காயா போத்தலுக்குள் விட்டால் போத்தல் முழுதும் கெட்டது. பிள்ளைக்கென்று தனித் தோசைக்கல், தனிச் சல்லடை, தனி முறுக்கு அச்சு வைத்துக்கொள்வது நல்லது. அவள் உணவை முதலில் சமைத்து மூடி வைத்துவிட்டு மற்றவர்களுக்குச் சமைக்கலாம்.

பாட்டியும் படிக்க வேண்டிய பாடம்

மீண்டும் அந்தத் தெங்கேரா வீடு. நோய் இன்னதென்று தெரிந்தாயிற்று. இனி எல்லாம் சுலபம் என்றா நினைக்கிறீர்கள்?

"பாவம்மா, ஒரே ஒரு பிஸ்கட்டு. புள்ள ஏங்கிப் பார்க்குது."

"ஒன்னுகூட வேணாம் அத்தை. டாக்டர் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாரு. நீங்க தீபாவளிக்குச் செய்வீங்களே நெய் உருண்டை, அதைச் செஞ்சு கொடுங்க."

அந்த மருமகள் சொன்னதுதான் சரியான வழி. 'வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் பாட்டியின் மனமும் நோகும், பிள்ளையின் மனமும் நோகும். 'இதைக் கொடுங்கள்' என்றால் இருவருக்கும் இடம் கிடைக்கிறது. பச்சைப்பயறு நெய் உருண்டை, வீட்டில் இடித்த அரிசி மாவு அதிரசம், எள்ளுருண்டை, சுண்டல், அரிசி மாவில் தோய்த்துப் பொரித்த பிசாங் கோரெங் எல்லாம் பள்ளிக்குக் கொடுத்தனுப்பத் தக்கவை. வகுப்பாசிரியருக்கும் சொல்லி வைக்க வேண்டும். பிறந்தநாள் கேக் எந்த நாளிலும் வரலாம்.

சோதனைக்கு முன் நிறுத்தாதீர்

முடிவாக இரண்டு எச்சரிக்கைகள். பிள்ளைக்கு இந்நோய் இருக்குமோ என்ற ஐயம் வந்தவுடன் கோதுமையை நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால் ரத்தச் சோதனையிலும் குடல் சோதனையிலும் நோய் தென்படாமல் போய்விடும். முதலில் மருத்துவர், பிறகு சோதனை, அதன் பிறகே பத்தியம். ஒருவருக்கு உறுதியானால் பெற்றோரும் உடன்பிறந்தவர்களும் சோதித்துக்கொள்ள வேண்டும்; நெருங்கிய உறவில் இது வரும் வாய்ப்பு அதிகம்.

மற்றொன்று, உடல் இளைக்க இதை நாகரிகமாகப் பின்பற்றுவது பற்றியது. நோய் இல்லாதவர் அதிக விலை கொடுத்துக் குளூட்டன் இல்லா பிஸ்கட் வாங்கித் தின்பதால் மெலிந்துவிட மாட்டார். சர்க்கரையும் கொழுப்பும் அதிலும் உண்டு.

நோய் உள்ள பிள்ளைக்கோ பத்தியம் தொடங்கிய சில மாதங்களிலேயே முகத்தில் களை வரும். நின்றுபோன வளர்ச்சி மெல்லத் தொடரும். அதற்கு வெளிநாட்டு மாவு எதுவும் தேவையில்லை. அரிசிப் பானை இருக்கிறது; இட்லிச் சட்டி இருக்கிறது. அந்த வீட்டில் இருப்பவர்கள் எல்லாரும் ஒரே சொல்லில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.