ஆங்கில மரபுத் தொடர்கள்



உயர்நிலைப் பள்ளியில் நான் பயின்றபோது நிகழ்ந்த ஒன்றைக் கூறி என் பேச்சைத் தொடங்குகின்றேன். என் ஆங்கிலக் கட்டுரை ஏட்டைத் திருத்திய ஆசிரியர், அதன் அடியில் சிவப்பு மையால் 'டர்ன் ஓவர் எ நியூ லீஃப்' என்று எழுதியிருந்தார். அத்தொடரில் எனக்குத் தெரியாத சொல் ஒன்றுமில்லை. 'புதிய தாளைப் புரட்டுக' என்பதே கட்டளை என்று கொண்டேன். எஞ்சிய பாதிப் பக்கத்தை வெறுமையாக விட்டுப் புதிய தாளில் அடுத்த கட்டுரையை எழுதினேன். பிழைகள் மட்டும் பழையனவாகவே இருந்தன.

"நான் எழுதியதைப் படித்தாயா?" என்று ஆசிரியர் கேட்டார். "படித்தேன் ஐயா, அவ்வாறே செய்தும் இருக்கின்றேன்" என்று புதிய தாளைப் பெருமையுடன் காட்டினேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. நான் தம்மை எள்ளுவதாகக் கருதிய ஆசிரியர், என்னை வெளியே நிற்கச் செய்தார். செய்த குற்றம் இன்னதென்று அறியாமலே நின்றேன். 'பழைய வழக்கத்தை விட்டுத் திருந்துக' என்பதே அதன் பொருள் என்று மேல்வகுப்பு மாணவர் ஒருவர் பின்னர்க் கூறினார். மாலையில் ஆசிரியரிடம் சென்று உண்மையைச் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு, "பிழை உன்னுடையது அன்று, பொருளைச் சொல்லித் தராமல் தொடரை எழுதிய என்னுடையது" என்றார்.

தெரியாத சொல் எதிர்ப்பட்டால் அகராதியை நாடுகின்றோம். தெரிந்த சொற்களே கூடிநின்று வேறு பொருள் தரும்போது நமக்கு ஐயமே எழுவதில்லை. மரபுத் தொடரின் அருமை அங்கேதான் இருக்கின்றது. நம் மொழியிலும் இஃது உண்டு. 'கடன் வாங்கியவன் கம்பி நீட்டினான்' என்றால், அவன் கையில் கம்பியைத் தேடுவார் உண்டோ? ஆகவே, சொற்பொருள் இடத்தோடு பொருந்தாதபோது ஐயுறுங்கள். இது முதற்பாடம்.

தொடர் பிறந்த சூழலை அறிதல் இரண்டாம் பாடம். 'டர்ன் எ பிளைண்ட் ஐ' என்பது, கண்டும் காணாததுபோல் இருத்தல். 1801-ஆம் ஆண்டு கோப்பன்ஹேகன் கடற்போரில், போரை நிறுத்துமாறு தலைவர் ஹைடு பார்க்கர் கொடி காட்டினார். நெல்சனோ, பார்வை இழந்த தம் கண்ணில் தொலைநோக்கியை வைத்து, 'கொடி தெரியவில்லை' என்று சொல்லிப் போரைத் தொடர்ந்தார் என்பர். இக்கதையைக் கேட்டவர் அத்தொடரை மறப்பரோ?

'ரீட் தி ரயட் ஆக்ட்' என்பது இன்னொன்று. இங்கிலாந்தில் 1715-இல் நடைமுறைக்கு வந்த கலகச் சட்டத்தின்படி, பன்னிருவரோ அதற்கு மேற்பட்டோரோ கூடிக் கலகம் விளைத்தால், கலைந்து செல்லுமாறு அதிகாரி உரக்கப் படிப்பார். ஒரு மணி நேரத்திற்குள் கலையாதவர் கடுந்தண்டனைக்கு உள்ளாவர். அச்சட்டம் 1967-இல் நீக்கப்பட்டது. ஆனால் தொடர் மறையவில்லை. மகனைத் தந்தை கடுமையாகக் கண்டித்தாலும் ஆங்கிலேயர் அதனையே சொல்லுகின்றனர்.

மூன்றாவதாக, சொல்லுக்குச் சொல் மொழிபெயர்க்காமல் நம் வழக்கில் ஒத்ததைத் தேடுங்கள். நியூகாஸில் முற்காலத்தில் நிலக்கரிக்குப் பெயர் பெற்றிருந்த துறைமுக நகரம். அங்கே நிலக்கரி கொண்டு செல்வது அன்று வீண்வேலையாக இருந்தது. 'நியூகாஸிலுக்குக் கரி சுமப்பது' என்று பெயர்த்தால் நம்மவருக்கு விளங்காது. 'கொல்லத் தெருவில் ஊசி விற்பது' என்றால் பாட்டியும் தலையசைப்பார்.

பொருள் தெரிந்தால் மட்டும் போதாது. இடமும் தெரிதல் வேண்டும். 'கிக் தி பக்கெட்' என்றால் இறத்தல் என்று பொருள். அதை நம்பி, தந்தையை இழந்த நண்பனுக்கு எழுதும் இரங்கல் கடிதத்தில் அத்தொடரைச் சேர்த்துவிடாதீர்கள். அது 'மண்டையைப் போட்டார்' என்பதற்கு ஒப்பானது. 'இயற்கை எய்தினார்' என்பதற்கு அன்று. பொருள் ஒன்றாயினும் ஒன்று புண்படுத்தும். மற்றொன்று ஆறுதல் அளிக்கும்.

தொடர்களைப் பட்டியலாக உருப்போடுவதால் பயன் சிறிதே. படிக்கும்போது எதிர்ப்படும் தொடரை, அது வந்த வாக்கியத்தோடு எழுதிவையுங்கள். அருகே பொருளையும், ஒத்த தமிழ் வழக்கையும் குறித்துக்கொள்ளுங்கள். வாரத்திற்கு ஐந்து தொடர்கள் போதும்.

இன்றே ஓர் ஏட்டை எடுத்துப் புதிய தாளைப் புரட்டுங்கள். இம்முறை சொல்லுக்குச் சொல் பொருள் கொண்டாலும் எந்த ஆசிரியரும் சினக்கமாட்டார்.